காசினி கற்பிக்கும் சொல்லடக்கம்



‘காசினி’ என்னும் சொல்லுக்கு உலகம் என்று நம் அகராதிகள் பொருள் தருகின்றன. சனிக்கோளை ஆராய்ந்த விண்கலத்தின் பெயரும் காசினியே. இவ்விரண்டையும் உறவாக்கிப் பார்க்க நம் உள்ளம் விழையும். ஆயினும் கலத்தின் பெயர், 17ஆம் நூற்றாண்டில் சனியின் துணைக்கோள்கள் நான்கினைக் கண்டறிந்த வானியலாளர் ஜொவான்னி டொமெனிக்கோ காசினியைக் குறிப்பது. ஒலி ஒத்திருத்தல் உறவுக்குச் சான்றாகாது என்பது மொழியியலின் முதற்பாடம். அக்கலத்தின் கண்டுபிடிப்புகளைப் பேசும்போதும் இப்பாடம் நமக்கு வேண்டும்.

1997 அக்டோபர் 15இல் புறப்பட்ட காசினி, 2004இல் சனியை அடைந்து 13 ஆண்டுகள் அதனைச் சுற்றியது. உடன் சென்ற ஹைகன்ஸ் ஆய்கலம் 2005 ஜனவரி 14இல் டைட்டன் என்னும் துணைக்கோளில் இறங்கியது. டைட்டனில் மீத்தேனும் ஈத்தேனும் நீர்மமாய் நிறைந்த ஏரிகள் உள்ளதைக் காசினியின் ரேடார் காட்டியது.

பெருவியப்பு என்செலடஸில் காத்திருந்தது. ஏறத்தாழ 500 கிலோமீட்டர் விட்டமே உடைய அத்துணைக்கோளின் தென்முனைப் பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகள்களும் விண்வெளியிற் பீறிடுவதை 2005இல் காசினி கண்டது. பின்னர் அத்தாரைகளினூடே பறந்தும் ஆராய்ந்தது. துகள்களில் இருந்த உப்பு, பனியோட்டின் கீழே கடல் இருப்பதை உணர்த்திற்று. துணைக்கோளின் சிறு ஊசலாட்டம், அக்கடல் அதன் உட்புறமெங்கும் சூழ்ந்திருப்பதைக் காட்டிற்று. நுண்ணிய சிலிக்காத் துகள்கள், கடலடியில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கக்கூடும் என்று சுட்டின. தாரையில் ஹைட்ரஜன் இருப்பது 2017இலும், பழைய தரவுகளை மீண்டும் ஆராய்ந்ததில் பாஸ்பேட் இருப்பது 2023இலும் அறிவிக்கப்பட்டன.

இவை உயிர் வாழத்தக்க சூழலுக்குச் சான்றுகள். உயிருக்கான சான்று இன்னும் கிட்டவில்லை. ‘உயிர் உள்ளது’, ‘உயிர் இருக்கக்கூடும்’, ‘உயிர் வாழத்தக்கது’ என்னும் மூன்றையும் தமிழ் தெளிவாகவே வேறுபடுத்துகிறது. தலைப்பிடும் விரைவில் ‘கூடும்’ என்னும் துணைவினையை உதிர்த்துவிட்டால், அறிவியற் செய்தி வதந்தியாகிவிடும். அப்பிழைக்கு மொழியைக் குறைகூற இயலாது.

காசினியின் முடிவும் இதனையே உணர்த்துகிறது. எரிபொருள் தீர்ந்தபின் அது கட்டுப்பாடிழந்து துணைக்கோளொன்றில் மோதக்கூடும். புவியிலிருந்து ஒட்டிச்சென்ற நுண்ணுயிர்கள் அங்கே பரவக்கூடும். அவ்வாறு நேரின், பின்னாளில் அங்குக் காணப்படும் உயிர் எவ்விடத்தது என்னும் ஐயம் தீராது. ஆதலால் 2017 செப்டம்பர் 15இல் காசினியைச் சனியின் வளிமண்டலத்தினுள் செலுத்தி அழித்தனர்.

ஒரு ‘கூடும்’ என்பதை மதித்தே, 20 ஆண்டுகள் பயணித்த கலத்தை அவர்கள் துறந்தனர். தமிழில் அறிவியல் எழுதும் நாம் அச்சொல்லையேனும் காப்போமாக.