வலியில்லாத புண்



பலரும் பேசத் தயங்கும் ஒரு வியாதியைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். மேகப்புண் என்று பெரியவர்கள் சொல்லும் சிபிலிஸ் அது.

தொற்றிய சுமார் மூன்று வாரத்தில் பிறப்புறுப்பில் ஒரு புண் தோன்றும். பெரும்பாலும் வலி இராது. சில வாரங்களில் தானே ஆறிவிடும். குணமாயிற்று என்று நம்பிவிடுகிறார்கள். கிருமியோ உடலிலேயே தங்கிவிடுகிறது. பின்பு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்புகள் வரலாம், அவையும் மறையும். பல வருஷங்கள் கழித்து இருதயத்தையும் மூளையையும் தாக்கலாம்.

கர்ப்பிணிக்கு இந்நோய் இருந்தால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், அல்லது நோயுடன் பிறக்கலாம். தாய்க்கோ வெளியே ஒரு அடையாளமும் தெரியாதிருக்கலாம். இரத்தப் பரிசோதனை ஒன்றே அதைக் காட்டித்தரும்.

சிகிச்சை எளிது. 1943-ல் இந்நோய்க்குப் பயன்படத் தொடங்கிய பெனிசிலின்தான் இன்றும் சிறந்த மருந்து. ஆரம்ப நிலையில் 24 லட்சம் யூனிட் பென்சத்தீன் பெனிசிலின் ஊசி ஒன்று போதும். நாட்பட்டதானால் வாரம் ஒன்றாக மூன்று ஊசிகள். கணவரும் சிகிச்சை பெறாவிட்டால் நோய் மறுபடியும் தொற்றும்.

தாயிடமிருந்து குழந்தைக்கு இந்நோய் பரவுவதை ஒழித்த நாடு என்று இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சான்றளித்தது. ஆகவே இது நடக்கக்கூடிய காரியமே.

உங்கள் சபையில் கர்ப்பிணிப் பெண்கள் இருந்தால், "இரத்தம் சோதித்தாயிற்றா, அம்மா?" என்று அன்பாய்க் கேளுங்கள். வெட்கத்தினால் ஒருவரும் வீட்டில் இருந்துவிடக் கூடாது. வருகிறவர்களிடம் நாங்கள் குற்றம் விசாரிப்பதில்லை; வைத்தியமே பார்க்கிறோம்.