‘கிளாஸ்’ என்னும் ஒரு சொல்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி மட்டும் பேச முற்படுகின்றோம். பள்ளிக்கே செல்லாத நம் பெரியோரும் நாள்தோறும் வழங்கும் சொல் அது. ‘கிளாஸ்’ என்பதே அச்சொல். இத்துணை எளிய சொல்லுக்கு ஒரு சொற்பொழிவு வேண்டுமா எனச் சிலர் எண்ணலாம். வேண்டும். எளியதென்று நாம் கவனியாது விட்ட இச்சொல், நமக்குப் பெயராகவும், நம் முன்னோர் பெற்ற நிலத்திற்குச் சான்றாகவும், நம் உரிமைக்குச் சட்டமாகவும் இருந்து வந்துள்ளது.

பள்ளியில் பிள்ளைகள் அமரும் அறை கிளாஸ். ஆசிரியர் பாடம் நடத்தும் நேரமும் கிளாஸ். தேர்வில் பெறும் தகுதி முதல் கிளாஸ். இரயில் பெட்டியின் தரமும் கிளாஸ். நம் பெரியோர் மூட்டை முடிச்சுகளோடு ஏறிய மூன்றாம் வகுப்பு 1974ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. செல்வர், வறியர் எனச் சமூகத்தைப் பிரித்துரைக்கும் வர்க்கமும் கிளாஸ். உயிரியல் நூலில் பாலூட்டிகளும் பறவைகளும் தனித்தனிக் கிளாஸ். தமிழ் எழுத்தில் எழுதினால் தேநீர்க் குவளையும் ‘கிளாஸ்’ என்றே வரும். தேநீர்க் கடையில் நமக்கெனத் தனிக் குவளை வைத்த கொடுமையை எண்ணும்போது, இவ்விரு சொற்களும் ஒன்றாய் எழுதப்படுவது பொருத்தமே என்று தோன்றுகின்றது.

ஒரு மொழியின் சொல் மற்றொரு மொழியில் நேருக்கு நேர் அமைவதில்லை. ஐரோப்பாவில் ஏறத்தாழ இருபது இலட்சம் மக்கள் வாழும் சுலோவீனிய நாட்டின் மொழியைக் காண்போம். அங்கே பள்ளி வகுப்பையும், சமூக வர்க்கத்தையும், இரயில் பெட்டியின் தரத்தையும் ‘ராஸ்ரெட்’ என்னும் ஒரே சொல் குறிக்கின்றது. ஆனால் பாடம் நடத்தும் செயலுக்கு ‘பௌக்’ எனும் வேறு சொல் உண்டு. ‘இன்று கிளாஸ் இல்லை’ என்பதை ‘ராஸ்ரெட் இல்லை’ என்று பெயர்த்தால் பொருள் கெடும். அகராதியின் முதல் பொருளைக் கண்டதும் நூலை மூடுபவர் இங்கே இடறுவர். தமிழிலோ ‘வகுப்பு’ என்பது பள்ளி அறைக்கும் பெயர், சாதிக்கும் பெயர். பள்ளியில் வகுப்பு வேண்டும் என்கிறோம்; சமூகத்தில் வகுப்புவாதம் ஒழிக என்கிறோம். இடம் நோக்கியே பொருள் கொள்கிறோம்.

கிளாஸ் என்பதன் மூலம் இலத்தீன் மொழியின் ‘கிளாசிஸ்’. பண்டைய உரோமில் மக்களைச் சொத்தின் அளவால் ஐந்து வகுப்புகளாகப் பிரித்தனர். இம்முறையைச் செர்வியுஸ் துல்லியுஸ் என்னும் அரசன் பெயரால் வழங்குவர். வாக்களிக்கும் கூட்டங்கள் 193. குதிரைப்படைச் செல்வரும் முதல் வகுப்பினரும் சேர்ந்தாலே 98. பெரும்பான்மை அங்கேயே முடிந்துவிடும். சொத்தில்லாதார் ஐந்து வகுப்புகளுக்கும் புறம்பானவர். அத்தனை பேருக்கும் ஒரே ஒரு கூட்டம். முதல் வகுப்புச் செல்வரைக் குறித்த சொல்லே பின்னர்ச் சிறந்த எழுத்தாளரைக் குறித்தது. அதிலிருந்து ‘கிளாசிக்கல்’ பிறந்தது. 2004ஆம் ஆண்டில் தமிழுக்குச் செம்மொழி என நடுவணரசு வழங்கிய சிறப்பிலும் அவ்வேரே உள்ளது.

வகுத்தல் என்பது நமக்குப் புதிதன்று. மரக்காணத்து உப்பளங்களில் வரப்பிட்டுப் பாத்தி வகுப்பவர் நாமே. உவர்நீர் ஒரு பாத்தியில் தேங்கி, வெயிலில் செறிந்து, அடுத்த பாத்திக்குப் பாய்ந்து, ‘போமே’ அளவில் ஏறத்தாழ 25 டிகிரி எய்தியபின் உப்பாக உறைகின்றது. அந்த வரப்பு நீரை அடுத்த நிலைக்குச் செலுத்துவதற்காக இடப்பட்டது. வேளை வந்ததும் மடை திறக்கப்படும். பள்ளி வகுப்பும் அத்தகையதே. ஐந்தாம் வகுப்பு ஆறாம் வகுப்புக்கு வழி. சாதியாகிய வகுப்புக்கோ மடையே இல்லை. தன் கதவை அடைத்துக்கொண்ட வர்க்கமே சாதியாயிற்று என்னும் கருத்தை அண்ணல் அம்பேத்கர் 1916ஆம் ஆண்டில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த ஆய்வுரையில் நிறுவினார். சதாராவில் படித்த சிறுவயதில், தாம் அமர்வதற்குக் கோணிப்பையைத் தாமே சுமந்து சென்றவர் அவர். ஒரே வகுப்பறைக்குள் இரண்டு வகுப்புகள் இருந்ததை அவருக்கு எந்த அகராதியும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

இனி நம் பெயருக்கு வருவோம். ஆங்கிலேயர் ஆட்சிக்கால ஆவணங்களில் நாம் ‘டிப்ரெஸ்டு கிளாசஸ்’ எனப்பட்டோம். 1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தமும் அப்பெயரையே கொண்டது. இதனைத் ‘தாழ்ந்த வகுப்பார்’ எனப் பெயர்த்தால் பெருந்தவறு. ‘தாழ்த்தப்பட்ட வகுப்பார்’ என்பதே சரி. தாழ்ந்தவர் என்றால் குறை நம்முடையது. தாழ்த்தப்பட்டவர் என்றால், தாழ்த்தியவர் யார் என்னும் வினா உடன் எழும். ஆயினும் பிறர் இட்ட பெயர் போதாதென்றே, எம்.சி. ராஜா போன்றோர் முயற்சியால் 1922இல் சென்னை மாகாண அரசு ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயரை ஏற்றது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் ‘கிளாஸ்’ என்பதை விடுத்துப் ‘பட்டியல் சாதிகள்’ என்றது.

பெயர் மாறிய பின்னரும் அப்பழைய சொல் ஓரிடத்தில் உயிரோடு நிற்கின்றது. நமக்கு வடக்கே, செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராய் இருந்த திரமென்கீர் 1891இல் நம் மக்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை தந்தார். அதன் பயனாக 1892இல் அரசு நிலம் வழங்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என நாம் அழைக்கும் அதுவே வருவாய்த்துறைப் பதிவேடுகளில் ‘டி.சி. நிலம்’ எனப்படுவது. அவ்விரண்டு எழுத்துகளும் டிப்ரெஸ்டு கிளாஸ் என்பதன் சுருக்கமே. முதல் பத்தாண்டுகளுக்கு அந்நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன் பின்னும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கன்றிப் பிறருக்குக் கைமாற்றலாகாது. இந்நிபந்தனையை அறியாமல் கைந்நாட்டு வைத்து நிலமிழந்தோர் பலர். மாமல்லபுரத்திற்கு அருகே காரணையில் 1994ஆம் ஆண்டு பஞ்சமி நிலம் மீட்கும் போராட்டத்தின்போது நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் துறந்தனர். இரண்டு எழுத்துகளின் பொருளுக்கு நம்மவர் கொடுத்த விலை அது.

சட்டத்திலும் இச்சொல் ஒரே நிலையில் நிற்பதில்லை. செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுப்புவாரி ஆணையைச் செல்லாதென்றதும், 1951இல் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. அதனால் சேர்க்கப்பட்ட 15(4)ஆம் பிரிவு பிற்படுத்தப்பட்ட ‘வகுப்புகளை’யும் பட்டியல் சாதியினரையும் வேறு வேறாகக் கூறுகின்றது. அரசுப் பணி பற்றிய 16(4)ஆம் பிரிவில் ‘பிற்படுத்தப்பட்ட வகுப்பு’ என்பதனுள் நாமும் அடங்குவோம். அடுத்தடுத்த பிரிவுகள், ஒரே சொல், பொருளின் எல்லையோ வேறு. இதனை அறிந்தவரே வழக்குரைஞராகவும் அலுவலராகவும் நமக்குத் துணை நிற்க இயலும்.

எனவே, இளைஞர்களே, உங்களை மூன்று கேட்கின்றோம். ஆங்கில அகராதியில் ஒரு சொல்லைத் தேடும்போது முதல் பொருளோடு நில்லாது இறுதிப் பொருள் வரை படியுங்கள். உங்கள் ஊர்க் கிராம ‘அ’ பதிவேட்டில் ‘டி.சி.’ என்னும் எழுத்துகள் உள்ளனவா எனச் சென்று பாருங்கள். பழைய பதிவுகளோடும் ஒப்பிடுங்கள். உப்பு வாரும் பருவம் தொடங்கியதும் எந்தப் பிள்ளையின் இடம் வகுப்பறையில் வெறுமையாகின்றது எனக் கணக்கெடுங்கள். அப்பிள்ளையை மீண்டும் அழைத்து வாருங்கள். அளத்தில் இரண்டு கை குறைந்தால் அந்த வீட்டில் உலை கொதிப்பது எப்படி என்பதையும் கழகம் எண்ணிப் பார்க்க வேண்டும். அறிவுரை மட்டும் பசி தீர்க்காது.

கிளாஸ் என்னும் சொல்லின் பொருள்களுள் பிறர் நமக்காக வகுத்தவை பல. நாமே விரும்பி நுழையத்தக்கது ஒன்றே. அது பள்ளி வகுப்பு. அதன் கதவை நம் ஊரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் திறந்து வைப்பதே இக்கழகத்தின் வரும் இருபத்தைந்து ஆண்டுப் பணியாகுக.