தேரும் சாகாடும்



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டுச் சிலர் புன்னகைக்கக்கூடும். பழைய பென்ஸ் கார் ஒன்றை விற்று, குடும்பத்துக்கென ஒரு வான் வாங்குவது பற்றிப் பேசப்போகிறேன். இலக்கியத் தொடரிலே கார் வியாபாரத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஆனால், வாகனத்தைப் பேசாத தமிழ் இலக்கியம் அரிது. எந்த வாகனத்தில் யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்று பார்த்துக்கொண்டு போனால், நமது சமூகத்தின் கதையில் ஒரு பகுதி அதற்குள் அடங்கியிருப்பதைக் காணலாம்.

சங்க இலக்கியத்திலே இரண்டு வகையான வாகனங்கள் நம் கண்முன் அடிக்கடி வருகின்றன. ஒன்று தேர். மற்றது சாகாடு, அதாவது வண்டி.

தேர் அழகானது, வேகமானது, விலை உயர்ந்தது. அரசனும் தலைவனும் ஏறுவது அது. பறம்பு மலைத் தலைவன் பாரி முல்லைக்கொடிக்குக் கொடுத்தது தேரைத்தான். ஒரு வண்டியைக் கொடுத்திருந்தால் இந்த அளவுக்குப் பேசப்பட்டிருக்குமோ தெரியாது. தேர் பெறுமதியான பொருள் என்பதால்தான் அதைக் கொடுத்தவனின் மனம் பெரிதாயிற்று. அகநானூற்றின் நான்காம் பாட்டிலே, வினை முடித்துத் திரும்பும் தலைவன், பூக்களிலே தேனுண்ணும் வண்டுகள் அஞ்சிவிடக் கூடாது என்று தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். எவ்வளவு மென்மையான உள்ளம்! ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தேரிலே வருபவர்கள் தலைவனும் பாகனுந்தான். தலைவி வீட்டிலே இருக்கிறாள். முல்லைப் பாட்டுக்களில் தேர் பெரும்பாலும் அவளை நோக்கி வருகிறது. அவளை ஏற்றிக்கொண்டு போவது குறைவு.

சாகாட்டின் கதை வேறு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலே உமணர் என்னும் உப்பு வணிகரின் வண்டித் தொடர் ஒன்று வருகிறது. வண்டிக்குக் கூரை வேய்ந்திருக்கிறார்கள். முன்பக்கத்திலே ஊறுகாய்ப் பானை தொங்குகிறது. கோழிக்கூடும் வண்டியோடு போகிறது. குழந்தையைக் கையிலே வைத்திருக்கும் ஒரு பெண் எருதுகளை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். ஆண்கள் பக்கத்திலே காவலாக நடந்து போகிறார்கள். இங்கே ஒரு குடும்பமே பயணம் செய்கிறது. ஒருவரும் வீட்டிலே விடப்படவில்லை. தமிழ் இலக்கியத்திலே நான் கண்ட முதலாவது குடும்ப வாகனம் இதுதான். புறநானூற்றிலே அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், உமணர் தமது வண்டியின் கீழே கட்டிச் செல்லும் சேம அச்சை அவனுக்கு உவமையாக்குகிறார். பள்ளத்திலும் மேட்டிலும் எது முறியும் என்று முன்கூட்டியே எண்ணி, மாற்று அச்சும் கொண்டு புறப்பட்ட மக்கள் அவர்கள். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்குத்தான் அந்தக் கவலை இருக்கும்.

இந்த இரண்டு மரபும் யாழ்ப்பாணத்து வீதிகளிலும் இருந்தன. ஒரு காலத்தில் வசதி படைத்தவர்கள் வில்லு வண்டியில் போனார்கள். ஏனையோர் திருக்கல் வண்டியில் போனார்கள். பின்னர் ஒஸ்ரின் ஏ 40 வந்தது, மொரிஸ் மைனர் வந்தது. 1990களில், பொருளாதாரத் தடை இருந்த காலத்திலே, அந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதைக் கண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இயந்திரத்தை எழுப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல். எழும்பிய பிறகு மண்ணெண்ணெய்ப் புகையோடு பயணம். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பல கார்கள் அப்படித்தான் போயின.

எங்கள் வீட்டுக் கார் அந்த வகையைச் சேர்ந்ததன்று. அது மெர்சிடிஸ் பென்ஸ் 240 டி. 1976 முதல் 1986 வரை வெளிவந்து, ஏறத்தாழ 27 இலட்சம் கார்கள் செய்யப்பட்ட டபிள்யூ 123 என்ற வரிசையைச் சேர்ந்தது. ஜேர்மனியிலே அந்த வரிசை டீசல் கார்களை வாடகைச் சாரதிகள் விரும்பி வைத்திருந்தார்கள். மற்ற நாடுகளிலே அது கனவான்களின் கார் ஆயிற்று. என் மாமனார் கொழும்பிலே கணக்காளராக இருந்த காலத்தில் அதை இரண்டாம் கையாக வாங்கினார். 2002 ஆம் ஆண்டு ஏ 9 வீதி திறக்கப்பட்டபோது அதை ஊருக்குக் கொண்டுவந்தார். 2006 இல் வீதி மீண்டும் மூடப்பட்ட பின்னர் நெடுநாள் கொட்டகைக்குள்ளே துணி போர்த்தபடி நின்றது. எங்கள் ஒழுங்கையில் கலியாணம் என்றால் பொம்பிளை மாப்பிள்ளை ஏறுவது அந்தக் காரில்தான். மாமா வாடகை வாங்கியதில்லை. வெற்றிலை பாக்குடன் வந்து கேட்டாற் போதும்.

நேயர்களே, ஒரு பொருள் பழையதாகும்போது அதன் பெருமையும் அதன் செலவும் சேர்ந்தே வளர்கின்றன. அந்தக் காரின் கதவுப் பூட்டுகள் காற்றுறிஞ்சும் குழாய்களால் இயங்குபவை. இயந்திரத்தை நிறுத்துவதும் அதே குழாய்களின் உதவியால்தான். றப்பர் குழாய் வெடித்துக் காற்றுக் கசிந்தால், திறப்பைக் கழற்றிய பிறகும் இயந்திரம் நிற்காமல் ஓடிக்கொண்டேயிருக்கும். முன்மூடியைத் திறந்து, நிறுத்தும் நெம்பைக் கையால் அழுத்த வேண்டும். கோயில் வாசலிலே வெள்ளை வேட்டியுடன் இறங்கிய மாமா, முன்மூடியைத் தூக்கி அந்த வேலையைச் செய்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். 2022 ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியின்போது டீசல் வரிசையில் அந்தக் கார் நின்ற நாட்களும் உண்டு. உறுதியான இயந்திரம், உதிரிப்பாகமும் தேடினால் கிடைக்கும். அதனால் காரை விற்பதற்கு இவை எதுவும் காரணமாகவில்லை.

காரணம் ஓர் எளிய கணக்கு. வீட்டிலே நாங்கள் எட்டுப்பேர். மாமா, மாமி, என் தாயார், நானும் மனைவியும், மூன்று பிள்ளைகள். காரிலே ஐந்து பேர்தான் இருக்கலாம். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது மடியிலே வைத்துச் சமாளித்தோம். மயிற்பீலியே ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியும் என்கிறார் வள்ளுவர். பிள்ளைகள் மயிற்பீலியுமல்லர், அவர்கள் வளர வளரப் பின்பக்கச் சுருள்வில்லு தாழ்ந்துபோயிற்று. பிறகு, யாராவது வீட்டில் நிற்க வேண்டும் என்ற நிலை வந்தது.

அப்படி நிற்பவர் யார் என்று எங்கள் வீடுகளில் எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்பதற்கு முன்பே ஒருவர் சொல்லிவிடுவார். "நீங்கள் போட்டு வாருங்கோ, நான் வீட்டைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்பார் மாமி. மாமிக்கு முழங்கால் வருத்தம். தாழ்ந்த இருக்கையிலிருந்து எழும்புவது கடினம். அதையும் அவரே ஒரு காரணமாகச் சொல்லுவார். கேட்பவர்களுக்கு மனம் உறுத்தாதபடி சொல்லும் வித்தை நமது தாய்மாருக்கு நன்றாகத் தெரியும்.

சென்ற ஆண்டு ஒருநாள், இரவுச் சாப்பாட்டின் பின்னர் என் மனைவி இந்தப் பேச்சை எடுத்தாள்.

"அப்பா, காரைக் குடுத்திட்டு ஒரு வான் எடுத்தால் என்ன?"

மாமாவின் முகம் மாறிவிட்டது. "உந்தக் காருக்கு என்ன குறை? இப்பவும் ஒரு அடியிலை ஸ்ரார்ட் வருகுது. வான் எண்டால், பிள்ளை, அது ஹயரிங் ஓடுறவைக்குச் சரி."

மனைவி விவாதிக்கவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டாள். "அம்மா கடைசியா எப்ப இந்தக் காரிலை ஏறினவ?"

மாமா யோசித்தார். "ஏன், சித்தப்பான்ரை செத்தவீட்டுக்கு வந்தவதானே?"

"அது மூண்டு வரியத்துக்கு முந்தி, அப்பா."

குசினிக்குள்ளிருந்து மாமியின் குரல் வந்தது. "உந்தக் கதையை விடுங்கோ. எனக்கு இப்ப எங்கை போக இருக்கு?"

அதன் பிறகு ஒருவரும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, காரைத் துடைத்துக்கொண்டு நின்ற மாமா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, ஆரும் நல்ல இடமாப் பாத்து விசாரியுங்கோ. காசு கொஞ்சம் குறைஞ்சாலும் பறவாயில்லை. காரைக் கழட்டி விக்கிற ஆக்களுக்கு மட்டும் குடுக்கேலாது." பெண் கொடுக்கும் தகப்பனின் பேச்சு அது.

வாங்க வந்தவர் நீர்கொழும்பைச் சேர்ந்த ஒரு சிங்கள இளைஞர். இவ்வகைப் பழைய பென்ஸ்களைத் தேடித் திருத்தி வைத்திருப்பவர். குளிர்ந்திருந்த இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்தார். சூடேற்றும் விளக்கு அணையும்வரை பொறுத்திருந்து திறப்பைத் திருப்பினார். பாயைப் போட்டுப் படுத்துக் காரின் அடிப்பகுதியிலே துருவைத் தேடினார். அவர் காணாத இடங்களையெல்லாம் மாமா காட்டிக் கொடுத்தார். மின்கலத்தின் கீழே துரு இருக்கிறது, காற்றுக் குழாய் கசிகிறது, வேகமானி சில வேளைகளில் நின்றுவிடும் என்று தமக்குத் தெரிந்த சிங்களத்தில் வரிசையாகச் சொன்னார். விற்கிறவர் குறை சொல்ல, வாங்குகிறவர் "பரவாயில்லை, ஐயா" என்று சமாதானம் சொல்ல, எனக்குப் பட்டினப்பாலை நினைவுக்கு வந்தது.

பெரும்பாணாற்றுப்படையைப் பாடிய அதே உருத்திரங்கண்ணனார்தான் பட்டினப்பாலையையும் பாடினார். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும் இடத்திலே, அவர்களுடைய நெஞ்சுக்கு நுகத்தடியின் நடுவிலிருக்கும் ஆணியை உவமை சொல்கிறார். கொள்ளும்போது கூடுதலாகக் கொள்ளமாட்டார்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்கமாட்டார்கள். நடுவுநிலைமைக்கு உவமை தேடிய புலவருக்கு வண்டியின் ஓர் உறுப்புத்தான் கிடைத்தது. அந்த ஆணி ஒரு பக்கம் சரிந்தால் எருது இரண்டும் ஒத்து இழுக்காது, வண்டி நேராக ஓடாது. வியாபாரமும் அப்படித்தான்.

ஆவணங்களிலும் மாமா அதே நேர்மையைக் கடைப்பிடித்தார். நமது நாட்டிலே வாகனத்தை விற்பவர் வெறும் பத்திரத்தில் கையொப்பம் இட்டுக் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றாமலே அது பல கை மாறிப் போகும் வழக்கம் இருக்கிறது. பின்னர் எங்கோ ஓரிடத்தில் விபத்தோ குற்றமோ நடந்தால், பதிவுப் புத்தகத்திலே பெயருள்ள பழைய சொந்தக்காரரைத் தேடிக் கொண்டு வருவார்கள். பெயர் மாற்றம் முறைப்படி முடியாமல் திறப்பைக் கொடுக்கமாட்டேன் என்று மாமா சொல்லிவிட்டார். அந்த இளைஞரும் அதைத்தான் விரும்பினார்.

அடுத்தது வான். நம்மவர்கள் 'டொல்பின்' என்று அழைக்கும் ரொயோட்டா ஹையேஸ். 1990களில் செய்யப்பட்டது. 2020 மார்ச்சிலே நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த இடைவெளியிலே பழைய வாகனங்களின் விலை எங்கேயோ போய்விட்டது. அதிலும் ஒரு வேடிக்கை. கனவான்களின் காரை விற்ற பணம் உழைப்பாளிகளின் வானை வாங்கப் போதவில்லை. மிச்சத்துக்கு நான் கடன் எடுத்தேன். சந்தைக்குப் பெருமையின் விலை தெரியாது, பயனின் விலை தெரியும்.

வானிலே குறைகளும் இல்லாமல் இல்லை. இயந்திரம் முன் இருக்கைகளின் கீழே இருப்பதால் சாரதிக்குச் சூடு. பென்ஸிலே கேளாத சத்தமெல்லாம் கேட்கும். மாமியின் முழங்காலுக்கு இதன் தரை உயரம் அதிகம். மாமாவே தச்சரிடம் போய், அளவு சொல்லி, பலகையில் ஒரு சிறிய படி செய்வித்து வந்தார். அந்தப் படி இப்போது வானுக்குள்ளேயே இருக்கிறது. உமணரின் சேம அச்சுப் போல.

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலுக்கு எட்டுப்பேரும் போனோம். பரந்தன் சந்தியால் திரும்பி முல்லைத்தீவு வீதியிலே வான் ஓடிக்கொண்டிருந்தது. நடுவரிசையிலே மாமியும் என் தாயாரும் புளிச்சாதப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு, வழியிலே தெரிந்த ஊர்களுக்கெல்லாம் உறவு சொல்லிக்கொண்டு வந்தார்கள். கண்ணகியை நினைத்துப் பாருங்கள். பூம்புகாரிலிருந்து மதுரை வரைக்கும் கால் நோக நடந்தவள் அவள். கணவன் தேவரோடு வானவூர்தியிலே வந்து அவளை ஏற்றியது, எல்லாம் எரிந்து முடிந்து பதினான்கு நாளின் பின்னர்தான். முன் இருக்கையிலே இருந்த மாமா ஒரு தடவை திரும்பி, "இஞ்சருமப்பா, கால் நீட்ட இடம் காணுமோ?" என்று மாமியைக் கேட்டார். "தாராளமாக் காணும்" என்றார் மாமி.

வலிய சக்கரங்களையுடைய பெருந்தேர் கடலில் ஓடாது, கடலில் ஓடும் நாவாய் நிலத்தில் ஓடாது என்று இடனறிதலிலே வள்ளுவர் கூறுகிறார். வாகனத்துக்கு உரிய இடம் இருப்பதுபோல, ஒரு குடும்பத்தின் ஒவ்வொரு பருவத்துக்கும் உரிய வாகனம் ஒன்று இருக்கிறது. உங்களில் யாராவது கார் மாற்ற எண்ணியிருந்தால், வண்ணத்தையும் வருடத்தையும் பார்ப்பதற்கு முன், உங்கள் வீட்டிலே 'நான் நிற்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்' என்று சொல்பவர் யார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அவருக்கு ஓர் ஆசனம் வைத்து அதன் பிறகு விலை பேசுங்கள்.