கல்லில் பூத்த கொடிகள்

தாஜ்மகால் என்றதும் குவிமாடமும் நிலா வெளிச்சமும்தான் பேச்சில் முந்திக்கொள்ளும். இன்று உங்களை நேராக உள்மண்டபத்துக்கே அழைக்கிறேன். அங்கே நினைவுப் பேழைகளைச் சுற்றி எண்கோணமாக ஒரு பளிங்குச் சல்லடைத் தடுப்பு நிற்கிறது. அதன் சட்டங்களில் படரும் பூங்கொடிகளைக் குனிந்து பாருங்கள். தூரிகை படாத கொடிகள் அவை. இதழ், தண்டு, இலை எல்லாமே வண்ணக்கல்.

இந்தப் பதிப்பு வேலையைப் பச்சிகாரி என்பார்கள். ஆக்ராவின் தாஜ்கஞ்ச் பகுதியில் இன்றும் நடக்கிறது. வில்லில் கட்டிய கம்பியால், குருந்தத்தூளும் தண்ணீரும் விட்டு, கல்லை மெல்லிய சில்லாக அறுப்பார்கள். சில்லைச் சாணைச் சக்கரத்தில் பிடித்து, இதழின் வளைவு வரும்வரை தேய்ப்பார்கள். பளிங்கில் அதே அளவுக்குப் பள்ளம் வெட்டிப் பதித்து மெருகிடுவார்கள். நல்ல வேலையில் இணைப்பு நகத்தில் தட்டாது. ஒரே பூவுக்குள் எத்தனையோ சில்லுகள்! இதழின் ஓரத்தில் அடர்சிவப்பு, உள்ளே போகப்போக வெளிர்சிவப்பு என்று நிறம் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள். விளக்கைக் கிட்டே பிடித்தால் கார்னீலியன் கல் தணலாய்க் கனியும். நீல லாபிஸ், ஆப்கானிஸ்தானின் பதக்ஷானிலிருந்து வந்தது. வெண்பளிங்கு ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து.

முகலாயப் பேரரசர் ஷாஜகானின் மனைவி மும்தாஜ் 1631-இல் புர்ஹான்பூரில் இறந்தார். அடுத்த ஆண்டே ஷாஜகான் அவருக்காகத் தாஜ்மகாலின் கட்டடப் பணியைத் தொடங்கினார். இந்தக் கலைக்கு ஆக்ராவில் முன்பே ஓர் அரங்கேற்றம் நடந்திருந்தது. மும்தாஜின் தாத்தா இதிமாத்-உத்-தௌலாவுக்கு, அவருடைய மகள் நூர்ஜகான் 1622 முதல் 1628 வரை கட்டிய கல்லறை மாளிகை அது. அங்கே சுவரில் வெறும் இடம் தேடித்தான் பிடிக்க வேண்டும். கொள்ளை அழகுதான், ஆனாலும் கண் களைத்துவிடுகிறது.

தாஜில் கை அடங்கியிருக்கிறது. அதைத்தான் பெரிய கலை என்பேன். கீழ்ச்சுவரின் பூச்செடிகளை வெறும் பளிங்கிலேயே புடைப்பாகச் செதுக்கிவிட்டு, வண்ணக்கல்லை ஓரப் பட்டையோடு நிறுத்திக்கொண்டார்கள். வெளியே வளைவுகளின் தோள்களில் கொஞ்சம் கொடி, எழுத்துக் கலைஞர் அமானத் கானின் கறுப்பு எழுத்துகள், மற்றதெல்லாம் வெள்ளை. அத்தனை வெள்ளைக்கு நடுவே இருப்பதால்தான் ஒவ்வொரு பூவும் தனித்துத் தெரிகிறது.

ஆக்ரா போகிறவர்கள் முதலில் யமுனையின் அக்கரைக்குப் போய்த் தாத்தாவின் கல்லறையைப் பாருங்கள். அதன்பிறகு தாஜுக்கு வாருங்கள். கையிருந்தும் வேண்டாமென்று விட்டது எவ்வளவு என்று அப்போது தெரியும்.