கைதட்டல் என்னும் பரிசில்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சினமூட்டும் அரசியல் ஆவணப்படங்கள் மனத்தை மாற்றுகின்றனவா, மகிழ்வித்து அனுப்பிவிடுகின்றனவா என்பது எனக்கு வழங்கப்பட்ட பொருள். தமிழாசிரியை ஒருத்திக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஆயக்குடியில் நின்று பேசுவதால், இந்நிலப்பகுதியை ஆண்ட வையாவிக் கோப்பெரும் பேகனிடமிருந்தே தொடங்குகிறேன்.

மயிலுக்குப் போர்வை அளித்த வள்ளல் என்று பேகனைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வாழ்ந்தான் என்பதை அவ்வளவாக நாம் சொல்லிக்கொடுப்பதில்லை. அதன் பொருட்டுக் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்னும் புலவர் நால்வர் அவனைப் பாடினர். அப்பாடல்கள் ஐந்தும் புறநானூற்றில் 143 முதல் 147 வரை அமைந்துள்ளன. அழுது நின்ற ஒரு பெண்ணைக் கண்டோம், அவள் யார் என்று மன்னனையே வினவுகிறார்கள். மயிலுக்கு இரங்கியவனிடம் மனைவியின் துயரை எடுத்துரைக்கிறார்கள். எங்களுக்குப் பொன்னும் பொருளும் வேண்டா. நீ அவளிடம் திரும்புவதே எங்களுக்குப் பரிசில் என்கிறார்கள். ஆட்சியாளனை நேர்நின்று சீண்டிய கலை இது.

பேகன் திரும்பினானா? புறநானூறு அதைச் சொல்லவில்லை. பாட்டு முடிந்த இடத்தில் கேட்டவனின் பொறுப்பு தொடங்குகிறது.

பேகனின் இந்த மலைத்தொடரின் மேலேயே நம் காலத்தில் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. கொடைக்கானலில் வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று 1980களில் தொடங்கப்பட்டது. பின்னாளில் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிகள் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய பொருட் கிடங்கில் கிடப்பது 2001 மார்ச்சில் வெளிச்சத்துக்கு வந்தது, மக்கள் திரண்டனர், ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஆனால் அங்கு வேலை பார்த்தவர்களின் உடல்நலம் பற்றிய கேள்வி அப்படியே நின்றது. 2006இல் அவர்கள் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர்.

2015 சூலை இறுதியில் சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரப் பாடிய ஒரு காணொளி வெளிவந்தது. புகழ்பெற்ற அமெரிக்கப் பாட்டொன்றின் மெட்டு, எள்ளல் நிறைந்த ஆங்கிலச் சொற்கள், ஆட்டம், துள்ளல். இலக்கணப்படி அது ஆவணப்படம் அன்று. எனினும் நம் வினாவுக்கு அதைவிடப் பொருத்தமான சான்று எனக்குக் கிட்டவில்லை. சில வாரங்களில் 20 இலட்சம் பேருக்கு மேல் அதைப் பார்த்தனர். 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர் 591 பேருக்குக் கருணைத்தொகை வழங்க நிறுவனம் உடன்பட்டது. உடல்நலக் கேட்டுக்கு ஆலையே காரணம் என்பதை மட்டும் அது ஏற்கவில்லை.

பாட்டு வென்றது என்று கூறிவிடலாமா? பாட்டுக்கு முன்னே பதினான்கு ஆண்டுகள் இருக்கின்றன. தொழிலாளர் திரட்டிய சான்றுகள், ஏறி இறங்கிய நீதிமன்றப் படிகள், இடையிலேயே இறந்துபோனவர்கள் ஆகிய அனைத்தும் அவ்வாண்டுகளில் அடங்கும். வழக்கு அணியமாக நின்றது, அவை கூடவில்லை. பாட்டு அவையைக் கூட்டியது. அதன் கேளிக்கைத் தன்மை குறையன்று, அதுவே பறையறைந்தது. ஆனால் பறையைக் கேட்டு வந்தவர்களுக்குக் காட்ட உண்மை ஏற்கெனவே உழைத்துச் சேர்க்கப்பட்டிருந்தது.

2018இல் டி. எம். கிருஷ்ணாவும் இணைந்து பாடிய இரண்டாம் பாடல் வந்தது. ஆலை வளாகத்து மண்ணை எந்த அளவுக்குத் தூய்மைப்படுத்துவது என்பது அதன் வினா. முதற்பாட்டுக்குக் கிடைத்தது போன்ற விரைவான விடை இதற்குக் கிட்டவில்லை. தொகையாகக் கொடுத்துத் தீர்க்கக்கூடியதை உலகம் விரைந்து தீர்க்கிறது. பாம்பார் சோலையை ஒட்டிய மண்ணுக்குப் பொறுமை மிக்க கேட்போர் வேண்டும்.

கடல் கடந்த சான்று ஒன்றும் உண்டு. 2004இல் மைக்கேல் மூர் எடுத்த 'பாரன்ஹீட் 9/11' கான் விழாவின் உயரிய விருதைப் பெற்றது. உலகெங்கும் 20 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. புஷ் மீண்டும் வெல்லக்கூடாது என்பதே மூரின் விருப்பம். அவ்வாண்டு நவம்பரில் புஷ்ஷே வென்றார். முன்னரே உடன்பட்டவர்கள் அரங்கில் கூடிச் சிரித்துக் கலைந்திருக்கக்கூடும் என்று எண்ணுகிறேன். தம் பக்கத்தார் சிரித்தலை எதிர்ப்பக்கத்தார் மாறுதலாகக் கொள்வது எளிதில் நேரும் பிழை.

அப்பிழைக்கு நானும் விலக்கல்ல. திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' 2017இல் வெளிவந்தது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இலேயே இயற்றப்பட்ட பின்னும் தொடரும் அவலத்தையும் சாவுகளையும் காட்டும் படம் அது. அதில் துள்ளலும் இல்லை, எள்ளலும் இல்லை. என் மாணவியர்க்கு அதைக் காட்டினேன். பலர் அழுதனர். முடிவில் அனைவரும் எழுந்து கைதட்டினர், நானும் தட்டினேன். நல்லதொரு வகுப்பு நடத்திய நிறைவோடு அறையை விட்டு வெளியே வந்தேன். நடைவழியில் வாளியும் துடைப்பமுமாக ஓர் அம்மாள் எங்கள் கழிப்பறைக்குள் சென்றார். கையுறை இல்லை. அவர் பெயர் எனக்குத் தெரியாது. பல ஆண்டுகளாக நாள்தோறும் அவரைக் கண்டிருக்கிறேன்.

அன்றுதான் பேகனின் பாட்டு எனக்கு விளங்கியது. அதுவரை அப்பாடல்களைப் புலவர் பக்கம் நின்றே நடத்தி வந்தேன். உண்மையில் நான் இருந்தது பேகனின் இருக்கையில். கைதட்டல் என்பது நாம் கலைஞர்க்கு அளிக்கும் பரிசில். அதைக் கொடுத்தவுடன் கடன் தீர்ந்தது என்று எழுந்துவிடுகிறோம். அழுகையும் கேளிக்கையாக மாறும் இடம் அதுவே. புலவர்கள் பரிசிலை மறுத்ததன் நுட்பம் இதில்தான் இருக்கிறது. பரிசிலை வாங்கியிருந்தால் மன்னனுக்கு விடுதலை கிடைத்திருக்கும்.

மறுநாள் அந்த அம்மாளின் பெயரைக் கேட்டறிந்தேன். கையுறை வேண்டுமென்று எழுதிக் கொடுத்தேன். மாணவியர் சிலரும் கையொப்பமிட்டனர். மூன்றாவது முறை எழுதிய பின்னரே கையுறை வந்தது. இதனைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு படம் என்னிடம் செய்ய முடிந்தது எவ்வளவு, நானே செய்ய வேண்டியிருந்தது எவ்வளவு என்பதற்குக் கணக்காகச் சொல்கிறேன்.

எனவே என் விடை இது: ஆவணப்படம் மனத்தை மாற்றுவதில்லை; மாறுவதற்கு ஒரு தறுவாயைத் தருகிறது. அத்தறுவாயைக் கைதட்டலில் கழிப்பதும் காரியத்தில் கழிப்பதும் பார்ப்பவர் கையில் உள்ளன. கவிஞர்களாகிய உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் பாட்டைக் கேட்டு எவரேனும் கைதட்டினால், அடுத்து அவர் எங்கே செல்ல வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். பரணரும் அரிசில்கிழாரும் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

இவ்வுரைக்குக் கைதட்ட வேண்டா என்று கேட்டு அமர்கிறேன்.