ஹாம்பர்க் துறைமுகத்திலே



துறைமுகப் பட்டினம் என்றதும் அலை மோதும் கடற்கரையையே நாம் மனக்கண்ணால் காண்கிறோம். ஜெர்மனியின் மிகப் பெரிய துறைமுகமான ஹாம்பர்க்கிலோ கடலைக் காண முடியாது. வடகடல் அங்கிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. எல்பே என்னும் ஆறே கப்பல்களை நகரின் வாயில்வரை அழைத்து வருகிறது. கடலின் ஏற்றவற்றம் மட்டும் நாள்தோறும் இருமுறை ஆற்றின் வழியே வந்து, நகரத்துக் கால்வாய்களை நிரப்பியும் வடித்தும் செல்கிறது.

1189-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் பார்பரோசா சக்கரவர்த்தி இவ்வூருக்குச் சுங்கவிலக்கு அளித்தார் என்பது மரபு. இப்போதுள்ள சாசனம் பிற்காலத்தில் புனையப்பட்டது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். ஊர்மக்கள் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆண்டுதோறும் மே மாதத்தில் துறைமுகத்தின் பிறந்த நாளை விமரிசையாகக் கொண்டாடி மகிழ்கிறார்கள்.

ஹாம்பர்க்குக்குச் செல்பவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மீன் சந்தைக்குப் போக வேண்டும். 1703 முதல் நடைபெறும் சந்தை அது. காலை ஒன்பதரை மணிக்கெல்லாம் முடிந்துவிடும். மக்கள் கோயிலுக்குச் செல்லுமுன் வியாபாரம் முடிய வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. மீன்காரரும் பழக்காரரும் போட்டியிட்டுக் கூவும் குரலைக் கேட்டால், பாஷை தெரியாதவருக்கும் பொருள் விளங்கும்.

அங்கிருந்து கரையோரமாகவே நடந்தால் படகுத்துறை வரும். துறைமுகத்தைச் சுற்றிப் பார்க்கத் தனிப் படகுகள் உண்டு. ஆனால் 62-ஆம் எண் படகு, நகரப் பேருந்துக்கு வாங்கும் அதே சீட்டில் நம்மை ஆற்றின்மேல் அழைத்துச் செல்கிறது. வேலைக்குச் செல்வோரோடு அமர்ந்து, கப்பல் கட்டும் துறைகளையும் பாரந்தூக்கிகளையும் அருகிலேயே காணலாம்.

படகுத்துறையின் பக்கத்திலேயே ஆற்றின் அடியில் செல்லும் சுரங்கப்பாதை இருக்கிறது. அக்கரையிலிருந்த கப்பல் தளங்களுக்குச் செல்லும் ஆயிரக்கணக்கான தொழிலாளருக்காக 1911-இல் திறக்கப்பட்டது அது. 24 மீட்டர் ஆழத்தில் 426 மீட்டர் நீளத்துக்கு அது செல்கிறது. சுவர் ஓடுகளில் மீன், நண்டு முதலியவற்றின் உருவங்களோடு, ஆற்றில் எறியப்பட்ட பழஞ்செருப்பையும் வடித்து வைத்திருக்கிறார்கள். காலால் நடந்து செல்வோருக்குக் கட்டணம் கிடையாது. அக்கரையில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தால் நகரம் முழுவதும் கண்முன் விரியும்.

அடுத்துக் காண வேண்டியது சரக்கறை நகரமான ஷ்பைஷர்ஷ்டாட். 1888-இல் ஹாம்பர்க் ஜெர்மனியின் சுங்க எல்லைக்குள் சேர்ந்தபோது, தீர்வையின்றிச் சரக்கு வைக்கத் தனி இடம் வேண்டியிருந்தது. ஆகவே மரத்தூண்களை அறைந்து, அவற்றின்மீது செங்கல் மாளிகைகளை வரிசையாக எழுப்பினார்கள். ஒரு புறம் கால்வாய், மறுபுறம் தெரு. ஏற்றத்தில் வந்த படகுகளிலிருந்து காப்பி, தேயிலை, கொக்கோ, வாசனைப் பொருள்கள் எல்லாம் கயிற்றால் மாடிக்கு ஏறின. 2015-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இன்று இங்கே வாசனைப் பொருள்களுக்கென்றே ஒரு காட்சிசாலையும், குழந்தைகள் நகர மறுக்கும் பொம்மை ரயில் உலகம் ஒன்றும் உள்ளன. ஆனால் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும்: இம்மாளிகைகளுக்கு இடம் தருவதற்காக, அங்கே குடியிருந்த சுமார் 20,000 மக்கள் வீடிழந்து வெளியேறினார்கள்.

அதனருகே ஒரு பழைய கொக்கோக் கிடங்கின் தலைமேல் கண்ணாடி அலைபோல் நிற்பது, 2017-இல் திறக்கப்பட்ட எல்ப்ஃபில்ஹார்மனி இசை மண்டபம். கச்சேரிக்குச் சீட்டு கிடைக்காவிடினும் 37 மீட்டர் உயரத்திலுள்ள அதன் முற்றத்தில் நின்று துறைமுகத்தைக் காணலாம். உள்ளூரில் புனித நிக்கோலாஸ் ஆலயத்தின் கோபுரம் மட்டும் தனித்து நிற்கிறது. 1943 ஜூலையில் விழுந்த குண்டுகள் ஆலயத்தை அழித்தன. அவ்வாரத்தில் நகரில் 30,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இடிந்ததை இடிந்தபடியே நினைவிடமாக வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, பெரும்பாலான யாத்திரிகர் தவற விடும் ஓர் இடத்தைச் சொல்லுகிறேன். நகர ரயிலில் ஏறி ஃபெடல் என்னும் தீவில் இறங்க வேண்டும். அங்கே பாலின்ஷ்டாட் என்ற காட்சிசாலை உள்ளது. கப்பல் கம்பெனித் தலைவரான ஆல்பர்ட் பாலின் காலத்தில், 1901-இல், அமெரிக்காவுக்குச் செல்லும் ஏழைப் பிரயாணிகள் தங்குவதற்கென்று அங்கே கூடங்கள் எழுந்தன. படுக்கையும் உணவும் உண்டு. டாக்டரின் பரிசோதனையும் உண்டு. அதில் தேறாதவர் கப்பலேற இயலாது. 1850-க்குப் பின் சுமார் 50 லட்சம் மக்கள் ஹாம்பர்க் வழியாகப் புறப்பட்டார்கள். 1934 வரையுள்ள பிரயாணிகளின் பட்டியல்களை நகரத்து ஆவணக் காப்பகம் இன்றும் காத்து வருகிறது. ஒவ்வொருவரின் பெயர், வயது, தொழில் இவற்றோடு விட்டு வந்த ஊரின் பெயரும் அதில் எழுதியிருக்கிறது. அந்த ஒரு வரியைத் தேடி, பேரன் பேத்திகள் அமெரிக்காவிலிருந்து இன்று இங்கே வருகிறார்கள்.

பிழைப்புக்காக ஊரை விட்டு வேறு மாநிலங்களில் வாழும் நேயர்களே, பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ வண்டியேறிய நம் முன்னோருக்கு அத்தகைய பட்டியல் எதுவும் கிடையாது. எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், யாரோடு வந்தோம் என்பதை இன்றிரவே ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். ஹாம்பர்க்குக்குச் செல்லும் வாய்ப்பு எல்லோருக்கும் கிட்டாது. அந்நகரம் செய்த இந்த ஒரு காரியத்தை நாம் வீட்டிலிருந்தே செய்யலாம்.