எஃகுப் பேழையில் இருந்த சிறுநிரல்கள்



பெருஞ்செயலைக் கண்டு வியப்பார் பலர். அதனைத் தாங்கி நிற்கும் சிறுசெயலைக் காண்பார் சிலர். கணிப்பொறித் துறையிலும் இந்நிலையே. பொறியின் விரைவைப் போற்றும் உலகம், நிரலாளன் ஒருவன் அன்றாட வேலைகட்கெனத் தொகுத்து வைத்திருக்கும் குறுநிரல்களை எண்ணிப் பார்ப்பதில்லை. இரு நாள்கட்கு இடைப்பட்ட காலத்தைக் கணக்கிடல், பெயர்களை அகரவரிசைப்படுத்தல், நீண்ட வரியைத் துண்டாக்கல் என ஐந்தாறு வரிகளில் முடிபவை அவை. அவற்றின் அருமையை உணர, கணிப்பொறியின் இளம்பருவத்தைச் சற்றே நோக்குதல் வேண்டும்.

இங்கிலாந்து நாட்டுக் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில், மாரிசு வில்க்சு என்னும் அறிஞர் தலைமையில் உருவான 'எட்சாக்கு' என்னும் கணிப்பொறி, 1949ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் முதன்முதலாக இயங்கியது. அதற்குக் கூட்டத் தெரியும்; கழிக்கத் தெரியும்; பெருக்கவும் தெரியும். வகுக்க மட்டும் தெரியாது! வகுத்தற்கென்று தனிக் கட்டளையே அதில் இல்லை. வேண்டுவோர் பிற கட்டளைகளை அடுக்கித்தான் அதனைச் செய்துகொள்ளல் வேண்டும்.

அவ்வாண்டில் வில்க்சு எழுதிய நிரலொன்றில் 126 கட்டளைகள் இருந்தன. பிழைகளோ ஏறத்தாழ இருபது! பொறியை ஆக்கிய பேரறிஞர்க்கே இந்நிலையெனின் ஏனையோர்க்குச் சொல்லவும் வேண்டுமோ? வகுத்தலையும் வேர்காண்டலையும் விடையை அச்சிடுதலையும் ஒவ்வொருவரும் புதிது புதிதாக எழுதப் புகின், ஒரே பிழையை நூறு கைகள் நூறு முறை செய்யும்.

இதற்கு மருந்து கண்டவருள் முதன்மையானவர், அன்று ஆய்வு மாணவராயிருந்த தேவிடு வீலர். ஒருமுறை எழுதி, இயக்கிப் பார்த்து, பிழை களைந்த துணைநிரல்களைத் தாள்நாடாவில் துளையிட்டு, எஃகுப் பேழையொன்றில் வைத்தனர். வகுத்தல், மடக்கை, வேர், அச்சிடல் என வகைப்படுத்தி, வகைக்கோர் எழுத்தை அடையாளமாக்கினர். வேண்டுவோர் அந்நாடாவைத் தம் நாடாவிற் படியெடுத்துக் கொள்வர். 1951இல் வில்க்சு, வீலர், இசுட்டான்லி கில் ஆகிய மூவரும் இம்முறையை நூலாக வெளியிட்டனர். அவ்வாண்டளவில் தொகுப்பில் 87 துணைநிரல்கள் இருந்தன.

துணைநிரல் தன் வேலையை முடித்தபின் எவ்விடத்திற்குத் திரும்புவது? அழைத்த இடம் நிரலுக்கு நிரல் வேறுபடுமே! கடைக்குச் செல்லும் சிறுவனிடம் வீட்டு எண்ணைச் சொல்லியனுப்புவதுபோல், புறப்பட்ட இடத்தின் அடையாளத்தை உடன்கொண்டு செல்லுமாறு வீலர் வழி வகுத்தார். துணைநிரல் அதனைக் கொண்டு திரும்புகட்டளையைத் தானே ஆக்கிக்கொள்ளும். ஆதலின் ஒரே துணைநிரல் எத்தனை நிரல்கட்கும் ஏவல் செய்தது.

பேழையின் பெருமை நாடாக்களால் மட்டும் வந்ததன்று. எத்தனை நினைவிடம் கொள்ளும், எவ்வளவு நேரம் பிடிக்கும், எண்ணை எங்கே இடுவது, விடையை எங்கே எடுப்பது என்னும் குறிப்பு ஒவ்வொன்றற்கும் எழுதப்பெற்றிருந்தது. குறிப்பில்லாத நிரல், பெயரெழுதாத மருந்துப் புட்டி. நோய் தீர்ப்பதும் அதுவாகலாம். உயிர் போக்குவதும் அதுவாகலாம்.

இன்று தாள்நாடா இல்லை. எஃகுப் பேழை இல்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் படியெடுத்துவிடலாம். ஆயின் இடர் அவ்வெளிமையிலேயே உள்ளது. நல்ல துணைநிரல் நூறிடத்தில் உழைப்பை மிச்சப்படுத்தும். ஆராயாது படியெடுத்த தீய துணைநிரலோ நூறிடத்தில் ஒரே பிழையை விதைக்கும். வகுத்தல் நிரலில், வகுக்கும் எண் சுழியமாயின் என்ன நிகழும் என்று பாராதவன், பிறன் பிழையைத் தன் பிழையாக்கிக் கொள்கின்றான்.

எனவே நிரல் எழுதும் இளைஞர்காள்! நும் சிறுநிரலை இயக்கி ஆராய்மின், குறிப்பெழுதுமின், பின்னர்ப் பொதுவில் வைம்மின். பிறர் தருவதைப் பொருளுணர்ந்து கொள்ளுமின். தன் பெட்டியிற் பூட்டிய கருவி ஒருவனுக்கே உதவும்; பொதுப் பேழையில் வைத்த கருவி, வைத்தவன் முகமறியாதார்க்கும் உதவும்.